குரூட்டா, கிராக்கரா, ஹைட்ரோவா? சுத்திகரிப்பு ஆலையில் எந்த யூனிட்டைக் கேட்டு வாங்குவது

மலேசியாவில் எங்கள் ரந்தாவ் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பயிற்சி ஆபரேட்டராக ஒரு சுற்று முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டிரண்டு மாதம் நிற்க வைத்துவிட்டு, இப்போது ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டி, எங்கே போக விருப்பம், ஒன்று இரண்டு மூன்று என்று வரிசை போடு என்கிறார்களாம். ஒருவன் மாமாக் கடையில் (டீக்கடை) என்னைப் பிடித்து "அங்கிள், எதைப் போடலாம்?" என்றான். மறுநாள் இன்னொருவனின் அம்மா கோயில் வாசலில் நிறுத்தி, "அண்ணே, ஆபத்தில்லாத இடமா ஒன்னு சொல்லுங்க, அவங்கப்பா மில்லுல பட்டதே போதும்" என்றார்.

அந்த அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆபத்தில்லாத யூனிட் கிடையாது. ஆனால் ஒவ்வொரு யூனிட்டிலும் ஆபத்து வரும் விதம் வேறு. சில இடத்தில் அது மூன்று வருஷம் குழாய்க்குள் உட்கார்ந்து அரித்துவிட்டு வரும், சில இடத்தில் மூன்று நிமிஷத்தில் வரும். உன் மகன் எந்த மாதிரிப் பையன் என்பதை வைத்துத்தான் எது அவனுக்குப் பாதுகாப்பு என்று சொல்ல முடியும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 24 வருஷம் பிளான்ட்டில் இருந்தேன், பாதிக்கு மேல் குரூட் யூனிட், அப்புறம் ஹைட்ரோட்ரீட்டர் (கந்தகம் எடுக்கும் யூனிட்), கடைசியில் முட்டி வலி வந்ததால் டேங்க் ஃபார்ம் (எண்ணெய் டேங்குகள் நிற்கும் இடம்). கேட் கிராக்கரில் ஷட்டவுன் நேரத்தில் மட்டும் கடன் ஆளாகப் போயிருக்கிறேன். என் சாய்வு குரூட் பக்கம் இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

சம்பளத்தை நான் சேர்க்கவில்லை. நான் இருந்த இடத்தில் எந்த யூனிட்டாக இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் ஓடியில் (ஓவர்டைம்). நான் பார்ப்பது இவை:

- கோளாறு தொடங்கியதில் இருந்து கை மீறிப் போகும் வரை எவ்வளவு அவகாசம் கிடைக்கும்?
- அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியுமா, மீட்டர் சொன்னால்தான் தெரியுமா?
- யூனிட்டை நிறுத்தும்போதும் திரும்ப ஓட்டும்போதும் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும் பிளான்ட்டைவிட நிற்கப் போகும் பிளான்ட்தான் மோசம். கீழே நான் சொல்லும் விபத்துகளில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் நடந்தவை.
- உடம்பு எவ்வளவு தேயும்?
- அங்கே கற்றது ஜொகூரின் பெங்கெராங்கிலோ சிங்கப்பூரின் ஜூரோங்கிலோ கல்ஃப் நாடுகளிலோ விலை போகுமா?

## குரூட் யூனிட்

கப்பலில் வந்த கச்சா எண்ணெய் முதலில் நுழையும் இடம். டிசால்ட்டரில் தண்ணீர் கலந்து உப்பைக் கழுவி, ஃபர்னஸில் 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உயரமான கோபுரத்தில் நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் என்று தட்டுத் தட்டாகப் பிரிப்பார்கள். அடியில் மிஞ்சும் கனமான எண்ணெயை அப்படியே மேலும் சூடாக்கினால் கருகிக் கரியாகிவிடும், அதனால் வேக்கம் கோபுரத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பிரிக்கிறார்கள்.

தினசரித் தலைவலி, எண்ணெய் ஒரே மாதிரி வராததுதான். தாப்பிஸ் மாதிரி நம் நாட்டு எண்ணெய் லேசானது, கந்தகம் மிகக் குறைவு. அடுத்த கப்பல் மத்திய கிழக்கில் இருந்து வந்தால் கதை வேறு. டிசால்ட்டர் சரியாக வேலை செய்யாமல் உப்பு உள்ளே போனால், சூட்டில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறி, கோபுரத்தின் உச்சியில் தண்ணீர் குளிரும் இடத்தில் இரும்பைத் தின்னும். கந்தகம் அதிகமென்றால் கீழே சூடான குழாய்கள் உள்ளிருந்து மெலியும். இதெல்லாம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடப்பது. ஆகவே முதல் அளவுகோலில் குரூட் யூனிட்டுக்கு நல்ல மதிப்பெண், தாராளமாக அவகாசம் தருகிறது. அவகாசம் இருப்பதாலேயே தள்ளிப்போடவும் தோன்றும் என்பதுதான் இதில் உள்ள பொறி.

2012 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்டில் ஷெவ்ரான் ஆலையில் நடந்ததைப் பாருங்கள். குரூட் கோபுரத்தில் இருந்து வரும் ஒரு குழாய் கந்தக அரிப்பால் மெலிந்து கசிந்தது. சின்னக் கசிவுதான். யூனிட்டை நிறுத்தாமல், எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க மேலே சுற்றியிருந்த இன்சுலேஷனைப் பிரிக்கப் போனார்கள். குழாய் பிளந்து எழுந்த ஆவி மேகத்துக்குள் 19 பேர் சிக்கினார்கள். அத்தனை பேரும் உயிரோடு வந்தது பெரிய விஷயம். ஆனால் புகையைச் சுவாசித்து மருத்துவமனைகளுக்குப் போன ஊர்மக்கள் சுமார் 15,000 பேர். எங்கள் ஷிப்டில் யாராவது "சின்ன லீக்தானே, கிளாம்ப் போட்டுக்கலாம்" என்றால் நான் இந்தக் கதையைத்தான் எடுப்பேன். என்னைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள், ஆனால் கிளாம்ப் போடும் முன் இன்ஸ்பெக்‌ஷன் ஆளைக் கூப்பிடுவார்கள்.

ஸ்டார்ட்அப்பில் இங்கே எதிரி தண்ணீர். ஒரு முறை நாங்கள் யூனிட்டைத் திரும்ப ஓட்டும்போது, ஓடாமல் நின்றிருந்த ஒரு பம்ப் லைனின் தாழ்வான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது. யாரும் டிரெய்ன் பண்ணவில்லை, நானும்தான். சூடான கோபுரத்துக்குள் அது போனதும் ஆவியாகி 1,600 மடங்கு விரிந்தது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உள்ளே தட்டுகள் கழன்றுபோய் இரண்டு வாரம் உற்பத்தி நின்றது. ஒரு வாளித் தண்ணீரின் விலை அது.

மறைந்திருக்கும் செலவு: ஏறி இறங்க வேண்டிய படிகள். சூடு. முன்னால் நிற்கும் யூனிட் என்பதால் குரூட் நின்றால் பின்னால் எல்லாமே தடுமாறும், கண்ட்ரோல் ரூமில் எல்லாரும் உன்னைத்தான் முறைப்பார்கள். ஆனால் பம்ப், ஃபர்னஸ், கோபுரம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று எல்லாமே இங்கே இருப்பதால், இங்கே கற்றவன் உலகத்தில் எந்த ஆலைக்கும் போகலாம்.

யாருக்கு: முதல் வேலைக்கு வருபவர்களுக்கு. லாக் புத்தகத்தைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு.

## கேட் கிராக்கர்

கேட் என்பது கேட்டலிஸ்ட்டின் சுருக்கம், எஃப்சிசி என்றும் சொல்வார்கள். கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல், எல்பிஜி எடுக்கும் யூனிட், ஆலைக்குக் காசு கொட்டும் இடம். உள்ளே ஓடும் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருக்கும். காற்றும் ஆவியும் ஊதும்போது அது தண்ணீர் போலவே ஓடும். ரியாக்டரில் 500 டிகிரிக்கு மேல் எண்ணெயைச் சில நொடிகளில் உடைக்கும், மேலே கரி படியும், ரீஜெனரேட்டருக்குப் போய் 700 டிகிரி வாக்கில் காற்றில் கரியை எரித்துவிட்டுத் திரும்பி வரும். நாள் முழுக்க இந்தச் சுற்று.

ஒரு பாத்திரத்தில் எண்ணெய் ஆவி, பக்கத்துப் பாத்திரத்தில் காற்று. நடுவில் கதவு கிடையாது. ஸ்லைட் வால்வும் அதற்கு மேல் குவிந்து நிற்கும் பவுடரும்தான் இரண்டையும் பிரிக்கிறது. அழுத்தம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் இரண்டு பாத்திரத்துக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம் புரண்டால் காற்றும் எண்ணெயும் சந்தித்துவிடும். அந்தப் பவுடரோ போகிற வழியெல்லாம் இரும்பை உப்புத்தாள் போலத் தேய்க்கும், ஸ்லைட் வால்வையும் சேர்த்து.

2015 பிப்ரவரி 18, கலிபோர்னியாவின் டாரன்ஸ் ஆலை. யூனிட் ஓடவில்லை, ஸ்டாண்ட்பையில் நின்றுகொண்டிருந்தது. தேய்ந்த ஸ்லைட் வால்வு வழியாக எண்ணெய் ஆவி காற்றுப் பக்கம் போய், தூசி பிடிக்கும் மின் கருவியை எட்டி வெடித்தது. 2018 ஏப்ரல் 26, விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் ஆலையில் டர்ன்அரவுண்டுக்காக (பெரிய பராமரிப்பு வேலை) யூனிட்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே தலைகீழ்: தேய்ந்த வால்வு வழியாகக் காற்று எண்ணெய்ப் பக்கம் போனது. பறந்த இரும்புத் துண்டு தார் டேங்கைத் துளைத்துத் தீப்பிடித்தது, 36 பேர் சிகிச்சைக்குப் போனார்கள். இரண்டுமே யூனிட் எண்ணெய் உடைத்துக்கொண்டிருந்த நேரமில்லை என்பதைக் கவனியுங்கள். 'பிளான்ட்தான் நின்னாச்சே' என்று மூச்சு விடும் நேரத்தில்தான் கிராக்கர் கடிக்கிறது.

அவகாசம்? நிமிஷக் கணக்கு. கரண்ட் போனால், ஏர் புளோவர் நின்றால், கண்ட்ரோல் ரூமில் இருக்கும் பேனல்மேன் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, கை தானாகப் போக வேண்டும். கடன் ஆளாக அங்கே நின்ற நாட்களில் ஒரு பேனல்மேன் தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டே அழுத்த வித்தியாசக் கோட்டைப் பார்த்தபடி இருப்பதைக் கண்டேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

மறைந்திருக்கும் செலவு: இரைச்சல், கேட்டலிஸ்ட் தூசி, டர்ன்அரவுண்டில் எப்போதும் கடைசியாக முடியும் யூனிட் என்ற பெயர். தீபாவளிக்கு லீவு வாங்குவதில் கிராக்கர் ஆட்கள்தான் அதிகம் சண்டை போடுவார்கள். வெளியே மதிப்பு உயர்ந்தது, ஆனால் கிராக்கர் இல்லாத ஆலைக்குப் போனால் பாதிப் படிப்பு பயன்படாது.

யாருக்கு: பதற்றத்தில் குரல் ஏறாதவனுக்கு. நாலைந்து வருஷ அனுபவத்துக்குப் பிறகு.

## ஹைட்ரோட்ரீட்டரும் ஹைட்ரோகிராக்கரும்

மலேசியாவில் 2021 ஏப்ரல் முதல் டீசல் யூரோ 5 தரத்துக்கு மாறியது. முன்பு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம் 10 பிபிஎம்முக்கு இறங்கியது. ஆக, ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தை எடுக்கும் இந்த யூனிட்டுக்கு வேலை கூடிவிட்டது, கேட்டலிஸ்ட் சீக்கிரம் சோர்கிறது, சோர்ந்ததை ஈடுகட்டச் சூட்டை ஏற்றுகிறார்கள். எதிர்காலம் என்று பார்த்தால் இந்த யூனிட்டுக்குத்தான்.

பார்க்கச் சுத்தமான இடம். தூசி இல்லை, கிராக்கரை ஒப்பிட்டால் சத்தமும் கம்மி. பயிற்சிப் பையன்களுக்கு இது பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டாவது அளவுகோலில் இது படு மோசம். ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) என்ற விஷ வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும் என்று சொல்லிக்கொடுப்பார்கள், உண்மைதான், ஆனால் 100 பிபிஎம் வாக்கில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று சந்தோஷப்பட்டவன் அடுத்து விழுவான். அப்புறம் காற்றை விரட்ட ரியாக்டருக்குள் நிரப்பும் நைட்ரஜன், அதற்கு நாற்றமே இல்லை. 2005 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் டெலவேர் சிட்டியில் ஹைட்ரோகிராக்கர் ரியாக்டர் வாயில் கிடந்த ஒரு டேப் சுருளை எடுக்கப் போய் ஒருவர் நைட்ரஜனில் மயங்கினார், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்தார்.

இரும்பும் ஏமாற்றும். அதிகச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே நுழைந்து, உள்ளிருக்கும் கார்பனோடு சேர்ந்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், தடிமன் அளந்தாலும் குறைந்திருக்காது. 2010 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸில் நாப்தா ஹைட்ரோட்ரீட்டரின் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இப்படித்தான் பிளந்து ஏழு பேர் இறந்தார்கள். அதுவும் ஸ்டார்ட்அப். அந்த எக்ஸ்சேஞ்சர்கள் ஸ்டார்ட்அப்பில் எப்போதும் கசியும், ஸ்டீம் லான்ஸோடு (நீராவி பீச்சும் குழாய்) ஆள் நின்று சமாளிப்பது வழக்கமாகிவிட்டது, அதனால்தான் அத்தனை பேர் பக்கத்தில் இருந்தார்கள். எது வழக்கமாகிவிட்டது என்று கேட்கிற பழக்கம் இந்த யூனிட்டில் வேலை செய்பவனுக்கு அவசியம்.

ஹைட்ரஜனோடு கனமான எண்ணெயை உடைக்கும் ஹைட்ரோகிராக்கர் இன்னும் ஒரு படி மேல். வினை தானே சூட்டை உண்டாக்கும், சூடு வினையை வேகப்படுத்தும். 1997 ஜனவரி 21, கலிபோர்னியாவின் மார்ட்டினெஸில் சூடு கட்டுமீறி ரியாக்டர் வெளிவாய்க் குழாய் வெடித்தது. இறந்தவர் ரியாக்டர் அடியில் இருந்த பேனலில் வெப்பநிலை படிக்கப் போயிருந்த ஆபரேட்டர், 46 பேருக்குக் காயம். சூடு எல்லையைத் தாண்டினால் உடனே அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும் என்ற விதி இருந்தது. அழுத்தத்தை இறக்கினால் உற்பத்தி போகும், மறுநாள் அறிக்கை எழுத வேண்டும், அதனால் கை தயங்கும். என் முதல் ஷிப்ட் சூப்பர்வைசர், ஒரு சீனர், எங்களிடம் சொன்னது இதுதான்: பட்டனை அழுத்தியதற்கு நான் உன்னைத் திட்டினால் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ.

மறைந்திருக்கும் செலவு: கேட்டலிஸ்ட் மாற்றும் வேலைகள், எப்போதும் கழுத்தில் கேஸ் டிடெக்டர், மூச்சுக் கருவி போட வேண்டியிருப்பதால் தாடி வைக்க முடியாது. சபரிமலைக்கு மாலை போடும் பையன்கள் இதை முன்கூட்டியே சூப்பர்வைசரிடம் பேசிவிடுவது நல்லது, விளையாட்டாகச் சொல்லவில்லை, நானே ஒருவனுக்காகப் பேசியிருக்கிறேன்.

யாருக்கு: விதியை விதியாகவே எடுத்துக்கொள்பவனுக்கு. தைரியசாலிக்கு அல்ல.

## சல்ஃபர் யூனிட்

ஹைட்ரோட்ரீட்டர் எடுத்த எச்டூஎஸ் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். மூன்றில் ஒரு பங்கை எரித்து, மீதியோடு வினையாற்ற வைத்து மஞ்சள் கந்தகமாக்குவார்கள். சின்ன யூனிட், ஆள் குறைவு, யாரும் விரும்பிக் கேட்பதில்லை. மேலே சொன்ன வாயு அபாயம் இங்கே இரட்டிப்பு. கந்தகம் குளிர்ந்தால் குழாயிலேயே கல்லாகிவிடும், அதிகம் சூடானால் பாகு மாதிரி இறுகும், இடைப்பட்ட கொஞ்ச டிகிரிக்குள் வைத்திருப்பதே வேலை. தனியாக நடக்க விடாத, இருவர் இருவராகப் போகச் சொல்லும் யூனிட்டாக இருந்தால் போகலாம். இரவில் ஒரே ஆளை ரவுண்டு அனுப்பும் இடமென்றால் முதல் விருப்பமாகப் போடாதே.

## டேங்க் ஃபார்ம்

எல்லா அம்மாக்களும் கேட்பது இதைத்தான். சமதரை, சூடில்லை, அவசரமில்லை, மோட்டார் சைக்கிளில் சுற்றி வரலாம். வயதானவர்களுக்கு நல்லது, நானே அங்கேதான் முடித்தேன்.

2005 டிசம்பர் 11, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு. பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த ஒரு டேங்கில் அளவு காட்டும் மீட்டர் மூன்றில் இரண்டு பங்கில் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் எச்சரிக்க வேண்டிய சுவிட்சும் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெடித்தது. 43 பேருக்குக் காயம். வேலை நாளாக இருந்திருந்தால் கணக்கு வேறு. இங்கே கோளாறு சத்தம் போடாது, ஒரு எண் நகராமல் நிற்கும், அவ்வளவுதான். இரவு மூன்று மணிக்கு, நகராத எண் நிம்மதியாகத்தான் தெரியும்.

இளைஞனுக்கு இன்னொரு நஷ்டம், இங்கே கற்பது குறைவு. இருபத்திரண்டு வயதில் போய் உட்கார்ந்தால் முப்பதில் வேறு யூனிட் மாற்றம் கேட்க முடியாமல் போகும்.

## ஒரு பார்வையில்

| யூனிட் | அவகாசம் | கண்ணுக்கும் மூக்குக்கும் | மோசமான நேரம் | உடம்பு | வெளி மதிப்பு |
|---|---|---|---|---|---|
| குரூட் | அதிகம் | பெரும்பாலும் தெரியும் | ஸ்டார்ட்அப், தண்ணீர் | படிகள், சூடு | எல்லா ஆலைக்கும் |
| கேட் கிராக்கர் | நிமிஷங்கள் | மீட்டரில் தெரியும் | நிறுத்தும்போது, ஸ்டாண்ட்பை | சத்தம், தூசி | அதிகம், ஆனால் குறுகியது |
| ஹைட்ரோ | நிமிஷங்கள், இரும்புக்கோ வருஷங்கள் | தெரியாது | ஸ்டார்ட்அப், கேட்டலிஸ்ட் மாற்றம் | வாயு | வளர்கிறது |
| சல்ஃபர் | குறைவு | மூக்கு ஏமாற்றும் | எப்போதும் | வாயு | சுமார் |
| டேங்க் ஃபார்ம் | மணிக்கணக்கு | எண் மட்டும் | இரவு ஷிப்ட் | லேசு | குறைவு |

ஆலைக்கு நீராவி தரும் யூட்டிலிட்டி யூனிட் பற்றித் தனியாக எழுதவில்லை. செம்பனை மில்லில் பாய்லர் பார்த்த குடும்பத்துப் பையன், ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்புத் துறை) தேர்வு எழுதி ஸ்டீம் டிக்கெட் (பாய்லர் ஓட்டும் சான்றிதழ்) எடுக்க ஆசை இருந்தால், கேட்காமல் அங்கே போகலாம். அந்தச் சான்றிதழ் மில்லுக்கும் செல்லும், மருத்துவமனைக்கும் செல்லும்.

## எல்லா யூனிட்டுக்கும் பொதுவான செலவு

நாலைந்து வருஷத்துக்கு ஒரு பெரிய டர்ன்அரவுண்ட் வரும், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், லீவு கிடையாது, ஓடி கொட்டும். அந்தப் பணத்தில் கார் மாற்றிய ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி ஆலையில், ஸ்டார்ட்அப்பின்போது கோபுரம் நிரம்பி வழிந்து 15 பேர் இறந்த விபத்தில், ஆபரேட்டர்கள் 29 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்திருந்தார்கள் என்று விசாரணை சொன்னது. அளவு மீட்டர் தவறாகக் காட்டியதைக் களைத்த கண் நம்பியது. ஆலை இருக்கும் போர்ட் டிக்சனில் இருந்து நைட் ஷிப்ட் முடிந்து செம்பனைக்கு நடுவே மோட்டாரில் வீட்டுக்கு வரும் அந்தப் பாதையையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து பிளான்ட்டில் அடிபட்டவர்களைவிட அந்தச் சாலையில் விழுந்தவர்கள் அதிகம்.

பாரத்தில் எழுதும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று. விரும்பும் யூனிட்டின் பேனல்மேனிடம் போய், "கடைசியா எப்போ நீங்களா பிளான்ட்டை நிறுத்துனீங்க? நிறுத்துனப்ப மேலதிகாரி என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். தேதியும் கதையும் வந்தால் நல்ல இடம். "இங்கே அப்படியெல்லாம் நிறுத்த மாட்டோம்" என்று பெருமையாக வந்தால் இரண்டாவது விருப்பத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

மாமாக் கடைப் பையன் குரூட்டை முதலில் போட்டுவிட்டான். இன்னொருவனுக்குக் கிராக்கர் மேல்தான் மோகம், நான் சொல்லி மாற மாட்டான், குறைந்தது நாலு வருஷம் கழித்துக் கேள் என்றிருக்கிறேன். கோயில் வாசலில் கேட்ட அம்மாவின் மகன் டேங்க் ஃபார்மையே போட்டான். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அவன்தான் கூட்டிப் போக வேண்டும், படியேறிக் களைத்து வந்தால் நடக்காது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அரை மணி நேரமாக எண் நகரவில்லை என்றால் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி முதலில் பம்ப்பிங்கை நிறுத்தச் சொல், பிறகுதான் மீட்டரைப் பார்க்கப் போ, டேங்க் ஏறுகிற நேரத்தில் கூரைக்குப் போகாதே என்று மட்டும் சொன்னேன்.